பலவேசம் வைத்த தகடு

பலவேசத்துக்குப் பொறுமை கிடையாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிவகாசியில் இருபத்திரண்டு வருடமாக ஆப்செட் மிஷின் ஓட்டுகிறவர். நாலு கலரும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை தாளைக் கழித்துப் போட்டுக்கொண்டே இருப்பார். முதலாளி கத்தினாலும் காதில் வாங்க மாட்டார். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். அதுவும் மகளுக்காக.

மகள் வேல்விழி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அம்மா சண்முகத்தாய் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறி வேலைக்குப் போகிறவள். "இந்தப் பொழப்பு என்னோட போகட்டும். எம்புள்ள அந்த வேன்ல ஏறக்கூடாது" என்று தினமும் சொல்வாள். மதுரையில் ஒரு கல்லூரி, சைக்கிள் பந்தயத்தில் தேறும் இரண்டு பெண்களுக்குப் படிப்பும் விடுதியும் இலவசம் என்று அறிவித்தது. ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் இருபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் கல்லூரி, இல்லாவிட்டால் வேன்தான்.

அவள் ஓட்டியது ஜப்பான் பந்தய சைக்கிள். வயது நாற்பதாவது இருக்கும். மதுரைப் பழைய இரும்புக் கடையில் பலவேசம் பொறுக்கி எடுத்தது. ஆனைக்குட்டத்துக்குச் சாலை பிரியும் விலக்கில் சைக்கிள் கடை வைத்திருக்கும் நான்தான் அதை ஓடவைத்தேன். தேர்வுக்கு மூன்று நாள் இருக்கும்போது பெடல் அச்சு போய்விட்டது.

நம் ஊர் சைக்கிள் என்றால் காட்டர் பின் என்கிற ஆப்பை அடித்து, பெடல் மாட்டுகிற கிராங்கை அச்சில் இறுக்கிவிடலாம். இதில் அந்தப் பின்னே கிடையாது. அச்சின் இரண்டு நுனியும் சதுரமாகக் கூம்பிப் போகும். கிராங்கின் சதுர ஓட்டை அதில் ஏறி, தானே இறுகிப் பிடிக்க வேண்டும். என்னிடம் இருந்தது இத்தாலி அச்சு. நீளம் சரி, பார்வைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் நுனி ஒரு பொடி மெலிவு. கிராங்க் அளவுக்கு மீறி உள்ளே போனது. போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது அச்சின் முனையில் முட்டி நின்றதே தவிர, கிராங்க் இறுகவில்லை.

"சென்னையில சொல்லியிருக்கேன். செவ்வாக்கெழம சரியான அச்சு வந்துரும்" என்றேன்.

"ஞாயித்துக்கெழம பந்தயத்துக்குச் செவ்வாக்கெழம அச்சு வந்து என்னத்துக்கு அண்ணாச்சி? எங்க மிஷின்ல பிரஷர் பத்தலன்னா பிளாங்கெட் ரப்பருக்கு அடியில ஒரு தாள் சேத்து வைப்போம். இதுவும் அதே கததான்."

"தாள் சும்மா அழுத்துது. இது மிதி வாங்குதுய்யா."

அவர் கேட்கவில்லை. நானும் சைக்கிளையும் அந்த இத்தாலி அச்சையும் கொடுத்தனுப்பினேன். பிரஸ்ஸில் அச்சடித்துக் கழித்த பழைய பிளேட்டிலிருந்து அலுமினியத் துண்டு வெட்டி, நுனியில் சுற்றி, கிராங்கை ஏற்றிக்கொண்டு மறுநாள் வந்தார். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. "இதுல அவள ஏத்தாதீரும்" என்று அன்றைக்கே அந்த சைக்கிளைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இன்றுவரை என்னை நானே மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரால் போக முடியவில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், நோட்டு அட்டை ஆர்டர், பிரஸ்ஸில் லீவு இல்லை. மத்தியானம் வேல்விழி ஒரு லோடு ஆட்டோவில் சைக்கிளோடு என் கடையில் வந்து இறங்கினாள். முழங்கை சிராய்த்திருந்தது. இடது கிராங்க் தனியாகக் கையில் இருந்தது.

"பதினாலாவது கிலோமீட்டர்ல கழண்டுருச்சு மாமா. அதுவரைக்கும் நாந்தான் முன்னால போனேன்."

ஓட்டைக்குள் பார்த்தேன். தகடு கசங்கி ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. சதுரம் உருண்டு போயிருந்தது. "வரட்டும் ஒங்கப்பன்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லீறாதீக மாமா. மூச்சு வாங்கிருச்சு, முடியலன்னு போன்ல சொல்லிட்டேன். இது தெரிஞ்சா அவுக உசுரோட இருக்க மாட்டாக." பந்தயத்தில் தோற்றதற்கு அழாத பெண், இதைச் சொல்லும்போது அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அச்சு வந்தது. அதே கம்பெனி இடது கிராங்க் ஒன்றையும் தேடிப் பிடித்து, பலவேசத்துக்குத் தெரியாமல் மாட்டினேன். தகடே தேவைப்படவில்லை, கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. வேறு கல்லூரிக்குப் பணம் கட்ட வழியில்லை. அடுத்த மாதம் அவள் அம்மாவோடு வேனில் ஏறினாள்.

போன வாரம் பலவேசம் அந்த ஜப்பான் சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தார். வேன் இறக்கிவிட்டுப் போனதும் வேல்விழி சாலையைக் கடந்து எங்கள் பக்கம் வந்தாள். கை முழுக்கப் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து. அவர் கிராங்கைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

"பாத்தீகளா அண்ணாச்சி, நான் வச்ச தகடு எம்புட்டு இறுக்கமா நிக்கி! என்னமோ சொன்னீகளே. அச்சுல ஒரு கொறையும் இல்ல, இந்தக் கழுதைக்குத்தான் தெம்பு பத்தல."

வேல்விழி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆமாய்யா" என்றேன். "அவளுக்குத்தான் தெம்பு பத்தல."