முன்பக்கத்துக்கு ஒரு பட்டை

ஓசூரில் புது பிக்கப் வண்டி எடுத்தவன் கோயிலுக்குப் போகிறானோ இல்லையோ, ஸ்பிரிங் பட்டறைக்குப் போயே தீருவான். கம்பெனியில் அச்சுக்குப் போட்டுக் கொடுத்த ஸ்பிரிங் பட்டைகள் போதாதாம். மேலே ஒன்று சேர்த்தால்தான் வார்ப்பு இரும்பு லோடைத் தாங்குமாம். வண்டியைச் செய்தவன் முட்டாள், பட்டறை வாசலில் பீடி பிடிக்கிறவன் மேதாவி. ஊரே அப்படி நம்பியது, முனிலட்சுமியும் நம்பினாள்.

வண்டி அவள் புருஷன் ஜெகதீஷுடையது. சிப்காட்டில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில் லோடு ஏற்றி, கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளியில் இறக்குவான். பின்பக்கம் மட்டும் பட்டை சேர்த்தால் போதும் என்றுதான் அவன் பட்டறைக்குப் போனான். சேர்த்ததும் பின்பக்கம் தூக்கிக்கொண்டது, முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. கூடப் போயிருந்த முனிலட்சுமிக்கு அது பிடிக்கவில்லை.

"என்னாங்க இது, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது? முன்னாடியும் ஒண்ணு போடச் சொல்லுங்க."

அவன் தயங்கினான். அவள் விடவில்லை. முன் சக்கரங்களுக்கான பட்டைகளுக்குத் தன் கையாலேயே மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கொடுத்தாள். வண்டி நிமிர்ந்து நின்றபோது அவளுக்குத்தான் எத்தனை பெருமை!

கொஞ்ச நாளிலேயே ஜெகதீஷ் புலம்ப ஆரம்பித்தான். "பள்ளத்துல எறங்குனா வண்டி தானா வலது பக்கம் திரும்புதுடி. நான் திருப்பவே இல்ல."

முனிலட்சுமி அவன் முகத்துக்கு நேரே போய் நிற்பாள். "எங்க, ஊதுங்க பாப்போம்."

ஒரு காலத்தில் குடித்தவன்தான். மகள் தர்ஷினி பிறந்தபோது இனிமேல் தொடுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தான். மறுபேச்சு பேசாமல் ஊதிக் காட்டுவான். நாற்றம் எதுவும் வராது. அப்படியும் அவளுக்குச் சந்தேகம் தீராது, பாக்கு போட்டு மறைக்கிறான் என்று நினைப்பாள். கடைசியில் அவன் வண்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டான்.

நாலு வழிச் சாலை வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் ஒருநாள் வண்டி பள்ளத்தில் இறங்கி, வலப்பக்கம் பாய்ந்து, பாலத்துச் சுவரில் மோதியது. ஜெகதீஷ் அங்கேயே போய்விட்டான். எதிரே வண்டியே இல்லாத ரோட்டில் சுவரில் போய் மோதுகிறவன் வேறு யாராக இருப்பான், குடிகாரன்தான் என்று தெரு தீர்ப்பு எழுதிவிட்டது. நாக்கில் நரம்பில்லாத தெரு. மாமியார் செல்லி மட்டும், "எம் மவன் குடிக்கல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மன்றாடினாள். ஆஸ்பத்திரியிலிருந்து போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வந்துவிட்டது என்று சொன்னபோதும் முனிலட்சுமி அதைப் போய்க் கேட்கவில்லை. அதில் என்ன இருக்குமோ என்ற பயம்.

பிழைப்பு நடக்க வேண்டுமே. நொறுங்கிய வண்டியைச் சரிசெய்து, பூபதி என்ற டிரைவரிடம் கொடுத்தாள். அவன் ஒரு வாரம் ஓட்டிவிட்டுச் சாவியைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பள்ளத்துல எறங்குனா வலது பக்கம் இழுக்குதுங்கக்கா. வேற ஆளப் பாத்துக்குங்க."

ஜெகதீஷ் சொன்ன அதே பேச்சு. முனிலட்சுமி பூபதியைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு, ஸ்டியரிங் வேலைக்குப் பேர்போன லால் பாஷாவின் ஷெட்டுக்குப் போனாள்.

பாஷா ஸ்டியரிங் அசையாதபடி கயிற்றால் சீட்டோடு இறுக்கிக் கட்டினார். பிறகு ஜாக்கி வைத்து முன் அச்சை மெல்லத் தூக்கினார். ஸ்டியரிங் இம்மியும் நகரவில்லை. சக்கரம் மட்டும் மேலே ஏற ஏற வலப்பக்கம் திரும்பியது. பக்கத்தில் யாரோ நின்று திருப்புவது போலத் திரும்பியது. முனிலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அடிபட்டதுல கோணிக்கிச்சா பாய்?" அப்படித்தான் என்று அவர் சொல்லிவிட வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"இல்லம்மா. அடிபட்டதெல்லாம் புதுசா மாத்தியிருக்காங்க, நேராத்தான் இருக்குது. முன் சக்கரத்துக்கு யாரோ பட்டை சேத்திருக்காங்க பாரு, அதான். பாடி மேல ஏறிடுச்சி. ஸ்டியரிங்குலேர்ந்து சக்கரத்துக்குப் போற இந்தத் தண்டு படுத்தாப்ல இருக்கணும், இப்ப சாஞ்சி கெடக்குது. சக்கரம் எகிறும்போது அதத் தள்ளி வுடுது."

"ஓட்டுறவங்களுக்குத் தெரியுமா பாய்?"

"கை இழுக்குமே, தெரியாமப் போவுமா? உங்க வீட்டுக்காரரும் சொல்லியிருப்பாரே."

"அந்தப் பட்டையக் கழட்டிடுங்க பாய்" என்றாள்.

பட்டைகளைக் கழற்றிப் போட்டு, தண்டைச் சரிபார்த்து முடித்தபோது மதியச் சாப்பாட்டு வேளைகூட ஆகவில்லை. பெரிய வேலையாக இருந்திருந்தாலாவது மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இவ்வளவுதானா? இவ்வளவுக்கா ஒரு மனுஷன் போனான்? பூபதி வேகத்தடை மேல் ஓட்டிக் காட்டினான். வண்டி பசு மாதிரி நேராகப் போனது. பக்கத்து சீட்டில் முனிலட்சுமி குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

வீட்டு வாசலிலேயே செல்லி நின்றிருந்தாள். "பாய் என்னாடி சொன்னாரு?"

"வண்டியிலதான் கோளாறு அத்தை. அவரு குடிக்கல."

செல்லி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள், அழுதபடியே சிரித்தாள். "நான் சொன்னேனே! நான் சொன்னேனே!" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எந்தப் பாவிடி அந்த வண்டியக் கெடுத்தது?"

"நான்தான் அத்தை."

கேட்டவள் பதிலுக்கு நிற்கவில்லை. அதற்குள் தெருவில் இறங்கி, ஒவ்வொரு வாசலாகப் போய், "எம் மவன் குடிக்கல! கேட்டுக்குங்க, எம் மவன் குடிக்கல!" என்று கூவிக்கொண்டிருந்தாள். முனிலட்சுமி நிலைப்படியில் உட்கார்ந்தாள். தெருக்கோடி வரை போய்விட்டு செல்லி திரும்பி வருவாள். வந்ததும் மறுபடியும் கேட்பாள்.