மரத்த விரலும் கடலுக்குப் போன கிழவரும்

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கைக்குட்டையில் வெற்றிலைச் சாறு மாதிரி ஒரு பொட்டு. நான் வெற்றிலை போடுவதில்லை.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து வருடம்கூட ஆகவில்லை. லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு) இருந்த எங்கள் குடும்பத்தில் எழுத்துப் படித்தவன் நான் ஒருவன்தான். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் காசம் என்றார். வலது நுரையீரலில் கேவிட்டி (கிருமி அரித்த குழி). தினம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, மூன்று வேளை ஐசோநயாசிட் மாத்திரை (இரண்டும் காசக் கிருமியைக் கொல்பவை). ஆஸ்பத்திரியில் ஒரு வருடப் படுக்கை.

இரண்டாம் மாதம் அப்பா பார்க்க வந்தார்.

"தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொன்னபடி ஒன் பாயி, கம்பளி, தலகாணி எல்லாத்தையும் லயத்துக்குப் பின்னால வச்சுக் கொளுத்திட்டோம்ப்பா."

தலையணை உறைக்குள் என் கொப்பி (நோட்டுப் புத்தகம்) இருந்தது. அதில் ஒரு கதை. வேலையிலிருந்து நின்ற ஒரு கிழவர் ரயில் பாதை வழியே கடலைப் பார்க்க நடக்கிறார். றொசல்ல ஸ்டேஷனில் நனைந்த கம்பளியைக் காயவைத்து உட்கார்ந்திருக்கிறார். அத்தோடு நிறுத்தியிருந்தேன். யாருக்கும் காட்டியதில்லை. அப்பாவிடம் ஒன்றும் கேட்கவில்லை.

பக்கத்துக் கட்டில் ஹமீது நானாவிடம் (அண்ணன்) மட்டும் சொன்னேன். டிக்கோயாவில் கடை வைத்திருந்தவர்.

"பத்திரிகைக்கு எழுதினதா மாஸ்டர்? சல்லி குடுப்பாங்களா?"

"இல்ல நானா. சும்மா, எனக்காக."

"சும்மாவா! அப்ப எரிஞ்சதுல என்ன நட்டம்?"

சிரித்து வைத்தேன்.

அதன் பிறகு விரல் நுனிகள் மரத்தன, பிறகு பாதங்கள். தேநீர்க் கோப்பையின் சூடு தெரியவில்லை. துக்கம் இப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அழுகையும் வரவில்லை.

ஒருநாள் கோப்பை நழுவி உடைந்தது. டாக்டர் விரலில் ஊசியால் குத்திப் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாலு மாசம் சார்."

"ஏன் சொல்லல்ல?"

"மனசுன்னு நெனச்சேன்."

"மனசில்ல தம்பி, மாத்திரை." நியூரைட்டிஸ் (நரம்பு பாதிப்பு) என்று எழுதி வைட்டமின் கொடுத்தார். முழுவதும் திரும்பும் என்று உறுதி சொல்லவில்லை. இதே மாத்திரை விழுங்கப்போகிறவர்களே, விரல் மரத்தால் அன்றைக்கே சொல்லுங்கள். அதற்குக் காரணம் தேடாதீர்கள்.

அடுத்த மாதம் அப்பா பிரஜாவுரிமை (குடியுரிமை) விசாரணைக்குப் போய்விட்டு நேரே வந்தார். கையில் துணி மூட்டை. அவிழ்த்தார். பிறப்புச் சாட்சித் தாள்களுக்கு நடுவே என் கொப்பி.

"இது எரியலியா அப்பா?"

"எழுத்து இருக்க தாள எவனாவது கொளுத்துவானா? விசாரணைக்கு ஆகும்னு முடிஞ்சு வச்சேன்."

இந்த நாட்டவர் என்று காட்ட எந்தத் தாள் உதவும் என்று தெரியாததால், அந்த வருடங்களில் எங்கள் லயத்தில் எழுத்துள்ள எந்தத் தாளையும் யாரும் எறிந்ததில்லை. மளிகை சுற்றிய தாள்கூடப் பெட்டிக்குள் இருந்தது.

"காட்டுனீங்களா?"

"காட்டாம? துரைக்கு நம்ம மொழி சொல்ற ஐயா நாலு பக்கம் படிச்சாரு. இது சாட்சி இல்ல பெரியவரே, கதைன்னாரு. விசாரிச்ச துரை சிரிச்சாரு. எம் மகன் எழுதுனது பொய்யா இருக்காதுங்கன்னேன்."

"மனு என்னாச்சு?"

"பெறகு சொல்லுவாங்களாம். வெளிய வர்றப்ப அந்த ஐயா பின்னாலயே வந்து, அந்தக் கெழவன் கடலப் பார்த்தானான்னு கேட்டாரு." அப்பா என் முகத்தைப் பார்த்தார். "பார்த்தானா?"

ஹமீது நானா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் கூப்பிடவில்லை. மனுவுக்கும் பதில் இல்லை. முன்பு பெரட்டுத் தப்பு (வேலைக்கு ஆள் கூட்டும் பறை) அடித்து ஓய்வதற்குள் ஒரு பக்கம் எழுதுவேன். இப்போது காலை முழுதும் இரண்டு வரி. பென்சில் விரலிடையில் இருக்கிறதா என்று விரலுக்குத் தெரியாது. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

வேலை முடிந்து தேயிலை மலையிலிருந்து இறங்கியதும் அப்பா கேட்பார்.

"இப்ப எங்க இருக்கான்?"

"றொசல்லயிலதாம்ப்பா. கம்பளி இன்னும் காயல."

"காயட்டும்," என்பார்.