சின்னப் பச்சை ஏன் இறங்கிப் போனான்

பலகையின் மேல் ஒரு கனத்த ஆள் முதுகு அடிக்க விழும் சத்தம் ஒரே அடியாக 'டம்' என்று வராது. முதலில் உடம்பு விழும் சத்தம், அதற்கு அடியில் பலகை அதிரும் சத்தம், அதற்கும் அடியில் எங்கோ இரும்பு முனகுகிற சத்தம் என்று மூன்று அடுக்காக வரும். எங்கள் வீட்டு டிவியில் ஒலியைக் கூட்டினால் கொரகொரவென்று இன்னொரு சத்தமும் சேரும், ஆக நான்கு அடுக்கு. முதல் முறை அதைக் கேட்டபோது அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல், "பலவ சத்தம்லா இது. அடியில மெத்தையும் இல்ல, மண்ணும் இல்ல. கடலுக்குப் போற வள்ளத்துப் பலவையில விழுந்தா இப்பிடித்தான் கேக்கும்" என்றார். அந்த ஒரு சொல்லோடு ரெஸ்லிங் எங்கள் வீட்டில் உண்மையாகிவிட்டது. அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

திரேஸ்புரத்தில் எங்கள் வீடு. அப்பா சங்கு குளிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, மீன் குழம்பும் சோறும் தின்று முடிக்கும் நேரத்துக்குச் சரியாக ஒரு சேனலில் பழைய மேட்சுகள் போடுவார்கள். புது மேட்சுகளில் வெடியும் புகையும் அதிகம், பேச்சு அதைவிட அதிகம். பழைய மேட்சில் அதெல்லாம் கிடையாது. இரண்டு பேர் வருவார்கள், துண்டை எடுத்துக் கம்பத்தில் போடுவார்கள், ஒருவன் கையை ஒருவன் பிடித்து முறுக்கினால் ஐந்து நிமிடம் அந்த முறுக்கிலேயே கிடப்பார்கள். முதல் நிமிடத்தில் முழங்காலில் அடி வாங்கியவன் இருபதாவது நிமிடத்தில் ஜெயிக்கிற நேரத்திலும் நொண்டிக்கொண்டுதான் எழுந்திருப்பான். வலியை மறக்காமல் வைத்திருப்பது ஒரு பெரிய வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. அந்தக் காலை விட்டு என் கண் நகராது என்பது மட்டும் தெரியும்.

எல்லாவற்றையும் விட எங்கள் வீட்டில் பிரியம் இரண்டிரண்டு பேராக மோதும் மேட்ச்தான். அதில் ஒருவன் உள்ளே அடிபடும்போது அவன் கூட்டாளி கயிற்றுக்கு வெளியே மூலையில் நிற்க வேண்டும். மூலைக் கம்பத்தில் ஒரு முழக் கயிறு கட்டியிருக்கும். அதை ஒரு கையால் விடாமல் பிடித்துக்கொண்டு மறு கையை உள்ளே நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவன் எப்படியாவது தவழ்ந்து வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டால் வெளியே நிற்பவன் உள்ளே பாயலாம். தவழ்ந்து வருவதுதான் மேட்ச். இதோ தொட்டுவிடுவான் என்கிற நேரத்தில் காலைப் பிடித்து இழுத்துவிடுவார்கள். ஒரு தரம் தொட்டுவிடுவான், ஆனால் நடுவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதால் செல்லாது என்பார். அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் கேட்ட வசவுகளை இங்கே எழுத முடியாது.

அப்பாவுக்கு அந்த ஒரு முழக் கயிறு என்றால் உயிர். காரணம் இருக்கிறது. சங்கு குளிக்க இறங்குகிறவர் வாயில் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. இரண்டின் மறுமுனையும் வள்ளத்தில் நிற்பவன் கையில். குழாய் மடங்காமல் பார்க்க வேண்டும், கீழேயிருந்து கயிறு அதிர்ந்தால் உடனே இழுக்க வேண்டும். கூலிக்கு வருகிற யாரிடமும் அந்தக் கயிற்றைக் கொடுப்பதில்லை என்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். மனைவியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பார்கள். தன் அக்கா தாலியறுப்பதை எவனும் விரும்பமாட்டான் என்ற கணக்கு. அப்படி அப்பாவின் கயிற்றைப் பிடித்தவர் என் அம்மாவின் தம்பி, சேவியர் மாமா. மாமாவுக்கும் கடலில் இறங்க ஆசை உண்டு. சின்ன வயதில் காதில் சீழ் வந்தவர் என்பதால் அப்பா ஒரு நாளும் விடவில்லை. டிவியில் மூலையில் நிற்பவனைக் காட்டி, "பாத்தியா மாப்ளே, உள்ள அவ்வளவு அடி விழுது, இவன் கயித்த விடாம நிக்காம்லா. இவந்தான் ஆளு" என்பார் அப்பா. மாமா, "அவனுக்கும் ஒரு நேரம் உள்ள போக விடுதான்லா மச்சான்" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

இனி என் பங்கு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிஸ்டர்மார் நடத்திய இங்கிலீஷ் மீடியத்தில் ஆறாம் வகுப்பு. டிவியில் இரண்டு வெள்ளைக்காரர்கள் மேட்ச் முடியும் வரை மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள் அல்லவா, அதை எடுத்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. "எம் மவன் அப்பிடியே தமிழாக்கிருவான்" என்று அப்பா கரையில் சொல்லி வைத்ததில், குரூஸ் பெரியப்பாவும் இன்னும் நாலைந்து பேரும் ஞாயிறு மதியம் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு ஒன்றும் புரியாது. சிஸ்டர் பேசும் இங்கிலீஷ் வேறு, இது வேறு. 'கார்னர்', 'பார்ட்னர்' என்று இரண்டு சொல் பிடிபடும், மீதியை நானே சொல்வேன். இவன் தங்கச்சிக்கு அடுத்த மாதம் கல்யாணம், அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு ஆவேசம் என்பேன். அந்த மொட்டைக்கும் இந்தத் தாடிக்கும் நிலத் தகராறு என்பேன். ஒரு நாள் குரூஸ் பெரியப்பா, "அவன் அஞ்சு நிமிசமாப் பேசுதான், நீ ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டியலே" என்றார். "இங்கிலீஷ்ல அப்பிடித்தான் பெரியப்பா, நீளமா இருக்கும்" என்றேன். அப்பா பெருமையாகத் தலையை ஆட்டினார்.

அந்த மேட்ச் நடந்த ஞாயிறு எது என்று நினைவில்லை, ஆனால் மேட்ச் மறக்கவில்லை. பச்சை ஜட்டி போட்ட இரண்டு பேர். நாங்கள் வைத்த பெயர் பெரிய பச்சை, சின்னப் பச்சை. எதிரே காட்டுத் தாடி வைத்த அண்ணன் தம்பி. பெரிய பச்சையை உள்ளே வைத்து அடித்தார்கள் பாருங்கள், அப்படி ஓர் அடியை நான் பிறகு எந்த மேட்சிலும் பார்க்கவில்லை. இடுப்பு ஒடிந்தவன்போல ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு முழங்கையை மட்டும் ஊன்றி ஊன்றி அவன் தன் மூலையை நோக்கி நகர்ந்தான். சின்னப் பச்சை ஒரு கையில் கயிறும் மறு கையை நீட்டியும் துள்ளிக்கொண்டு நின்றான். எங்கள் வீட்டில் எல்லாருமே தரையில் ஒரு முழம் முன்னால் நகர்ந்திருந்தோம். பெரிய பச்சையின் விரல் எட்டும் நேரத்தில் சின்னப் பச்சை கையைப் பின்னால் எடுத்தான். வெடுக்கென்று இல்லை, மெதுவாக. எடுத்த கையைத் தானே ஒரு முறை பார்த்தான். பிறகு கயிற்றைக் கம்பத்திலேயே தொங்கவிட்டு, படியில் இறங்கி, திரும்பிப் பாராமல் நடந்து போனான். ஓடவில்லை என்பதுதான் விசேஷம். தாடிக்காரர்கள்கூடக் கொஞ்ச நேரம் அடிக்க மறந்து அவனைப் பார்த்தார்கள்.

டிவியில் அந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏலே, என்ன சொல்லுதான்? எதுக்குப் போறானாம்?" என்றார். எல்லார் முகமும் என் பக்கம். நான் சொன்னேன்: "எத்தன வருசமா நானே வெளிய கயித்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கது, என்னை ஒருநாளாவது உள்ள விட்டானா, இனிமே அவனே பாத்துக்கிடட்டும்னு சின்னப் பச்ச சொல்லிட்டானாம்."

இது என் வாயில் எப்படி வந்தது என்று இத்தனை வருடமாக யோசிக்கிறேன். மாமா குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் இதே புலம்பலைப் புலம்பியதை நான் கேட்டதுண்டு. ஆனால் அது அந்த ஞாயிற்றுக்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் நான் கோள் சொன்னவன் ஆகிறேன். பின்பு என்றால் மாமா என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று ஆகிறது. இரண்டில் எது நல்லது என்றும் தெரியவில்லை.

"இவனெல்லாம் ஒரு ஆளா! கயித்த விட்டவன் கரையேறுவானா?" என்றார் அப்பா. மாமா எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, "அவன் கேட்டது ஞாயந்தான மச்சான்" என்றார். "என்னலே ஞாயம்?" என்றார் அப்பா. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரும் ஓடவில்லை.

திங்கட்கிழமை மாமா கரைக்கு வரவில்லை. செவ்வாயும் இல்லை. வேறு கையில் கயிற்றைக் கொடுக்க அப்பாவுக்கு மனம் இல்லாமல் இரண்டு நாள் வீட்டில் கிடந்தார். புதன்கிழமை குரூஸ் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். பெரியப்பா நல்லவர். பீடி பற்ற வைக்கக் கையைக் குவித்த நேரத்தில் குழாய் வள்ளத்துக்கு அடியில் மாட்டி மடங்கிவிட்டது, அவ்வளவுதான். அப்பா குழாயைத் துப்பிவிட்டு மூச்சை அடக்கி அவராகவே மேலே வந்து சேர்ந்தார். மூக்கிலிருந்து வந்த ரத்தத்தில் சட்டையெல்லாம் நனைந்து, இரண்டு பேர் தோளில் கைபோட்டு வீட்டுக்குள் வந்தவரைப் பார்த்து அம்மா அழவில்லை, என்னையும் திட்டவில்லை. சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தபடி நின்றார். நான் குசினிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். இங்கிலீஷே தெரியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம்.

அன்று சாயங்காலம் மாமா வந்து வாசலிலேயே நின்றார். அப்பா பாயில் படுத்தபடி அவரைப் பார்த்து, "நாளான்னைக்கு நீ இறங்கு மாப்ளே. நான் கயித்தப் பிடிக்கேன்" என்றார். அப்படியே நடந்தது. இரண்டு வருடம் மாமா குளித்தார், அப்பா மேலே நின்றார். அந்த இரண்டு வருடமும் மாமா முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கிறேன். கடலுக்கடியில் பார்த்ததை எல்லாம் கைவிரித்துக் காட்டிக் காட்டிச் சொல்வார். பிறகு ஒரு நாள் இடது காது வெடித்து, ரத்தமும் சீழுமாக மேலே வந்தார். அந்தக் காது இன்றுவரை கேட்பதில்லை.

நான் இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். நாள் முழுதும் இங்கிலீஷ்தான். ரெஸ்லிங் எல்லாம் முன்பே பேசிவைத்து ஆடுவது என்று கல்லூரியில் கேட்டபோது இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் யோசித்தால், பேசிவைத்தவன் விழும் பலகையும் பலகைதானே என்று தோன்றுகிறது. அந்தக் குழப்பத்தோடுதான் போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடி அந்த மேட்சைக் கண்டுபிடித்தேன். சின்னப் பச்சை இறங்கிப் போகும்போது அந்த இரண்டு பேரும் என்ன கத்துகிறார்கள் என்று முதல் முறையாகப் புரிந்தது. "எனக்குத் தெரியல, ஏன் போறான்னு எனக்குத் தெரியல" என்பதைத்தான் மாற்றி மாற்றிக் கத்துகிறார்கள். வேறு ஒன்றும் இல்லை.

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அவருடைய வலது பக்கமாக உட்கார்ந்து. அவர் சிரித்தார். "நீ சொல்லலன்னாலும் நான் கரைக்கு வராம நின்னுருப்பேம்ல. உங்கம்மாதான் சொன்னா, நீ கயித்த விட்டா மச்சானும் கடல விட்டுருவாருன்னு. ஒரு சாக்குத் தேடிக்கிட்டு இருந்தேன், நீ எடுத்துக் குடுத்த" என்றார். அம்மாவிடம் கேட்டால், "நானா சொன்னேன்? அவனுக்குத்தான் காது கேக்காதுல்லா, என்னத்தையோ கேட்டுட்டு வந்து சொல்லுதான்" என்கிறார். அப்போது மாமாவுக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. அதை நான் சொன்னதும் அம்மா உலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போது அந்தச் சேனல் இல்லை. ஆபீசில் என்னோடு இருக்கும் பையன்கள் ரெஸ்லிங் பார்ப்பது அரை நிமிடத் துண்டுகளாகத்தான். கை எடுக்கும் இடம் மட்டும் வரும், தவழ்ந்து வந்த இருபது நிமிடம் வராது. கரையில் கயிறு பிடிக்க இப்போது யார் வந்தாலும் சரி, உறவுமுறை கேட்பதில்லை. அப்பாவும் மாமாவும் கடலுக்குப் போவதில்லை, தினமும் எங்கள் வாசலில் உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள்.

அப்பாவிடம்தான் சொல்லாமல் இருந்தேன். அவர் வருகிறவர்களிடமெல்லாம், "எம் மவன் அன்னைக்கு இங்கிலீஷக் கேட்டுச் சொல்லலன்னா, எம் மச்சான் மனசுல கிடந்தது எனக்குத் தெரியாமலே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பவர். போன ஞாயிறு பூசைக்குப் பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனை அவர் முன் வைத்து மேட்சைப் போட்டேன். சின்னப் பச்சை கையை எடுத்தான், பார்த்தான், இறங்கினான். அப்பா அதே ஆத்திரத்தோடு, "எதுக்குப் போறானாம்?" என்றார்.

"ஏன் போறான்னு தனக்கே தெரியலன்னு அந்தப் பேசுத வெள்ளக்காரன் சொல்லுதான் அப்பா. அன்னைக்கும் இதத்தான் சொன்னான். நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

அப்பா போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, கவலைதான் இருந்தது.

"ஆறாங் கிளாஸ்லயே அவ்வளவு தெளிவாச் சொன்ன பய. இவ்வளவு படிச்சும் உனக்கு இங்கிலீஷ் மறந்துபோச்சாலே?" என்றார்.