வெள்ளைப் பட்டன்

அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. அவர் தையற்காரர். ஆளைப் பார்த்தாலே தோள் அளவைச் சொல்லிவிடுவார்; டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவரின் திருப்திக்குத்தான். வாயும் கத்தரி மாதிரி. இறுக்கமாக இருக்கிறது என்று சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால், "சட்டை சரியாத்தான் இருக்கு. நீங்கதான் கொஞ்சம் பெரிசா வந்துட்டீங்க" என்பார்.

அவருக்கு நினைவு நழுவத் தொடங்கியதை முதலில் கண்டுபிடித்தவர் தெருமுனை மருந்துக்கடை அக்கா. ஒரே வீட்டில் இருந்த எங்களுக்குத் தெரியவில்லை.

நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள், வழக்கம்போல பிரஷர் மாத்திரையின் காலி அட்டையோடு கடைக்குப் போயிருக்கிறார். அதை மேசைமேல் வைத்து, "இதே அளவுல ரெண்டு டஜன் குடும்மா. வெள்ளை. நாலு ஓட்டை" என்றாராம்.

"நான் எப்ப ஐயா பட்டன் கடை வச்சேன்?" என்று அக்கா சிரித்திருக்கிறார். அப்பா சிரிக்கவில்லை. அக்கா அவரை உட்காரவைத்து பிரஷர் பார்த்தால் நூற்றெண்பது. அட்டையில் ஒரு மாத்திரைகூட மிச்சமில்லை, பிறகு எப்படி? உடனே என்னை போனில் கூப்பிட்டார்.

"தப்பா நினைக்காதம்மா. போன மாசம் ஒரே விஷயத்தை மூணு தடவ கேட்டாரு. விளையாடுறாருன்னு விட்டுட்டேன். இது விளையாட்டு இல்லம்மா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அவரு எல்லார்கிட்டயும் அப்படித்தான்க்கா பேசுவாரு" என்று வெடுக்கென்று வைத்துவிட்டேன்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. மறுநாள் தையல் கடைக்குப் போனேன். அப்பா ஒரு சட்டைக்குக் கழுத்துப்பட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டாச்சு, போட்டாச்சு. காலைல உங்கம்மா, இப்ப நீயா?"

"நெஜமாவா?"

அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. மெஷின் இழுப்பறையைத் திறந்து பட்டன் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நம்பலைன்னா எண்ணிப் பாத்துக்கோ."

சட்டைப் பட்டன்களோடு பட்டன்களாக மாத்திரைகள். எத்தனையோ மாதத்து மாத்திரைகள். அம்மா தினமும் கேட்டது போட்டீர்களா என்றுதான். அவரும் தினமும் போட்டிருக்கிறார். ஒருநாள்கூடப் பொய் சொல்லவில்லை.

அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துப்போனேன். நிறையக் கேள்விகள், ஒரு ஸ்கேன். கடைசியில் டாக்டர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை ஐயா, சீக்கிரமே வந்துட்டீங்க" என்றார்.

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப வெளிய உக்காந்திருக்கவா?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். பழக்கதோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது அப்பா எழுந்துபோய், கதவைத் திறந்து, வெளியே காலி நாற்காலி தேடிக்கொண்டிருந்தார்.