வயோலா வாசிக்காத இடம்

மதியம் 12.20க்குப் பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பேருந்தைப் பிடித்தேன். ஸ்ரீபெரும்புதூருக்குச் சுமார் இருபது கிலோமீட்டர், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய். மடியில் வயோலாப் பெட்டி. வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தடித்த வாத்தியம் அது. பையில் அச்சுக்குத் தயாரான இசைத் தாள்கள்.

நானும் மூன்று நண்பர்களும், நான்கு பேர் சேர்ந்து வாசிக்க எழுதப்பட்டு, யாரும் வாசிக்காமல் கிடக்கும் இசைப் படைப்புகளைத் தேடிப் பிடித்து, வாசித்துப் பார்த்து, புத்தகமாகப் போடுகிறோம். இந்த முறை கிடைத்தது மண்ணூர்க்காரர் ஒருவருடையது. வாரம் முழுக்க மறைமலை நகரில் ஃபிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வயோலா. கூட வாசித்த மூவரையும் மனதில் வைத்து மேற்கத்திய முறையில் எழுதியிருக்கிறார். அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறது.

இரண்டு வயலின், தரையில் ஊன்றி வாசிக்கும் பெரிய செல்லோ ஒன்று, இந்த மூவரின் தாள்களும் கிடைத்தன. வயோலாத் தாளை மட்டும் காணோம். நான்கு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அதை நானே எழுதினேன். நடுவில் இருபத்து நான்கு தாளக்கட்டுகளில் வயோலாவைப் பாடவிட்டிருந்தேன். வாழ்க்கையில் நானாக எழுதிய முதல் இசை. அட்டையில் அவர் பெயருக்குக் கீழே என் பெயரும் உண்டு. சின்ன எழுத்தில்தான், சத்தியமாக!

திங்கட்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு அவர் மகள் ஸ்டெல்லாவின் சம்மதக் கையெழுத்து வேண்டும். ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் முடிந்ததும் பாலத்தருகே டீக்கடைக்கு வருவதாகப் போனில் சொல்லியிருந்தார்.

1.35. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய். ஆறு பேர் உட்காரும் இடத்தில் ஒன்பது பேர், கூடவே என் பெட்டி.

“இன்னா சார் அது, கிடாரா?” என்றார் டிரைவர்.

“வயோலா. வயலினுக்கு அண்ணன்.”

“எந்தக் கம்பெனில சார் இதுக்கு ஆள் எடுக்கிறாங்க?”

எந்தக் கம்பெனியிலும் இல்லை என்றேன். அதற்குப் பிறகு பாலம் வரும்வரை என்னிடம் மிகவும் பரிவாகப் பேசினார்.

2.50. ஸ்டெல்லா சீருடையோடு வந்தார். டீ வருவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார்.

“போன வாரம் பீரோவ நவுத்தசொல்ல கெடச்சிது சார். இத்தத்தான தேடிகினு இருந்தீங்க?”

வயோலாத் தாள். புரட்டினேன். நான் பாடவிட்டிருந்த இருபத்து நான்கு கட்டுகளும் அதில் காலி. வாசிக்காமல் இருக்கச் சொல்லும் ஓய்வுக்குறிகள், அவற்றின் மேலே பென்சிலில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள்.

“எழுதி முடிக்கல போல,” என்றேன். குரலில் இருந்த ஆசை எனக்கே கேட்டது.

ஸ்டெல்லா சிரித்தார். “முடிக்காம இன்னா சார்! செல்லோ வாசிச்ச தாஸ் அங்கிள் அப்பதான் கத்துக்கினு இருந்தாரு. நாலு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட்டு, ஒண்ணா ஒக்காந்து பழகவே முடியாது. அந்த எடத்துல அங்கிளுக்குத்தான் கஷ்டம். அப்பா வயோலாவ மடில வெச்சிகினு, அவரு மூஞ்சியப் பாத்துத் தலையாட்டி எண்ணுவாரு.”

விட மனமில்லாமல், எங்கள் ஒத்திகைப் பதிவை என் போனில் போட்டுக் கொடுத்தேன். கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலில் காதோடு ஒட்டிவைத்து முழுக்கக் கேட்டார்.

“சூப்பரா கீது சார். ஆனா நீங்க இப்படி வாசிச்சிகினு இருந்தா அங்கிள யாரு பாத்துக்கிறது?” என்றவர், “நீங்க எத்த போட்டாலும் எனக்கு ஓகே. அதான் கையெழுத்து போட்டுட்டேனே,” என்று கம்பெனி பஸ்ஸுக்கு ஓடினார்.

4.15. திரும்பும் பேருந்தில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. யாருக்குத் தெரியப்போகிறது என்று தண்டலம் வரை நினைத்துக்கொண்டே வந்தேன். நல்ல மெட்டு ஐயா அது! பிறகு பென்சிலை எடுத்து இருபத்து நான்கு கட்டுகளையும் அடித்தேன். மற்ற இடங்களை வீட்டில் அவர் தாளைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். அட்டையில் இருந்த என் பெயரையும் அடித்தேன். வலித்தது.

எங்கள் குழுவில் செல்லோ வாசிக்கும் முரளி நாற்பது வயதில் கற்றுக்கொண்டவர். ஒவ்வொரு ஒத்திகையிலும் அதே நடுப்பகுதியில் வழி தவறுவார், நான் கத்துவேன். பூந்தமல்லியில் இறங்கியதும் அவரைக் கூப்பிட்டேன்.

“முரளி, நடுவுல நான் இனிமே வாசிக்கப்போறதில்ல. உங்களப் பார்த்து எண்ணப்போறேன்.”



“அப்பாடா!” என்றார்.