கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற இசக்கி அண்ணாச்சி

ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போதுதான் சொன்னார்கள், இசக்கி அண்ணாச்சி போய்விட்டார் என்று. யானையா என்றுதான் முதலில் கேட்டேன். இல்லையாம். நெஞ்சுவலியாம், வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே. வனத்துறையில் யானைக் காவலுக்கு இத்தனை வருஷம் காட்டில் நடந்த மனுஷன், உட்கார்ந்த இடத்தில் போவார் என்று யார் நினைத்தோம்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே மலையடியில் தோட்டம் வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் அவரைத் தெரியும். யானை இறங்கிவிட்டது என்றால் வெடியைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். வீடு வீடாகப் போய் முதலில் நாயைக் கட்டச் சொல்வார். யானையைப் பார்த்துக் குரைக்கிற நாய், அது துரத்தினால் நம் காலடிக்குத்தான் ஓடிவரும், பின்னாலேயே யானையும் வரும் என்பார். "உமக்கு யானைதான் சம்பளம் குடுக்குதா வே?" என்று நம் ஆட்கள் கேலி பண்ணுவார்கள். "குடுக்கல. ஆனா உங்கள மாதிரி ஏசுததும் இல்ல" என்பார்.

இனி நான் சொல்லப்போவது உங்களில் யாருக்கும் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வாழை குலை தள்ளி நின்றது. அதற்கு முந்தின தடவை யானை மிதித்து ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் மகளுக்கும் அந்தத் தோட்டம்தான் சோறு. மோட்டார் ரூமிலிருந்து வயர் இழுத்து, ஓடைப்பக்கக் கம்பியில் கரண்டு கொடுத்துவிட்டேன். அப்படிச் செய்தவர்கள் இங்கே உண்டு, நான் முதல் ஆள் இல்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். ஓடைக்கு அங்கிட்டு மூங்கில் ஒடிகிற சத்தம். அண்ணாச்சி வேகமாக வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். குட்டியோடு வருது என்றார். கம்பியைப் பார்த்தார். கரண்டு இருக்கா என்று கேட்டார்.

இல்லை என்று சொன்னேன்.

என் முகத்தையே பார்த்தார். மூங்கில் இப்போது கிட்டத்தில் ஒடிந்தது.

"அப்ப சரி, தாண்டி வாரேன்" என்று கம்பியை அமுக்கக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க அண்ணாச்சி" என்று அலறிக்கொண்டு ஓடினேன். மோட்டார் ரூமில் சுவிட்சை அணைத்தேன்.

திரும்பி வந்தேன். அவர் கம்பியை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று நின்றேன்.

"எனக்குன்னதும் சத்தம் போட்டுட்ட. அந்த யானைக்கு யாருளா போடுவா?" என்றார். அவ்வளவுதான்.

யானைகள் வந்தன. நாங்கள் மோட்டார் ரூமுக்குள் மூச்சை அடக்கி நின்றோம். பாதித் தோட்டம் போயிற்று. நான் அழுதேன். மறுநாள் நஷ்டஈட்டு மனுவை எழுதிக்கொண்டு அவரே வந்தார். கம்பி விஷயத்தைச் சாகும்வரை வெளியே விடவில்லை. விட்டிருந்தால் நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன், என் மகள் யார் வீட்டிலோ வளர்ந்திருப்பாள்.

அவரைப் பற்றி நல்லதாகப் பேச நீங்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: தண்ணீர் பாய்ச்சச் சுவிட்சில் கை வைக்கும்போதெல்லாம் ஓடைப்பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்ப்பேன். அங்கே இப்போது கம்பி கிடையாது. ஆனாலும் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.