நினைவு அட்டைக்கு நாலு வரி

என் மருமகள் நூலகர் வேலைக்குப் படித்துக்கொண்டே கவிதையும் எழுதினாள். இரண்டும் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தன. பக்கத்தில் நான் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். அவள் புத்தகத்தைப் பார்த்து, "முன்னூறு சமூகம், ஐந்நூறு விஞ்ஞானம், எண்ணூறு இலக்கியம்" என்று முணுமுணுப்பாள். எந்தப் புத்தகம் எந்தத் தட்டில் நிற்க வேண்டும் என்பதற்கான எண்களாம். திடீரென்று முணுமுணுப்பு நிற்கும். பேனையைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். பாடக் கொப்பியின் ஓரத்தில் இரண்டு வரி விழும்.

அது விழும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் நானும் வரி கட்டுகிறவள்தான். தெல்தோட்டைப் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. கல்யாணம் முடித்து கண்டியில் மஹய்யாவைக்கு வந்து ஒரு ஆயுள் போய்விட்டது. நாலு பேர் கூடிய இடத்தில் இன்றைக்கும் எனக்கு வாய் வராது. ஆனால் அரிசி புடைக்கும்போதும் வீட்டுப் பின்கோடியில் துணி காயப்போடும்போதும் வரிகள் தானாக வரும். அதைத் தேடி ஆட்களும் வந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடித்துக் கொடுப்பார்கள். ஒரு பக்கம் மாதா படம், மறுபக்கம் இறந்தவரின் படமும் நாலு வரிப் பாட்டும். அந்த நாலு வரியை நான் கதவுத் திரைக்குப் பின்னால் நின்று சொல்வேன், வந்தவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள்.

கைபிடித்த நாள்முதலாய்க் கண்கலங்க விட்டதில்லை
மெய்மறைந்து போனபின்னே மீளாத துயர்கொடுத்தாய்

இப்படி இருக்கும். அதன் கீழே பெயர் போடும் வழக்கம் கிடையாது. புருஷன் சொல்வதாக, பிள்ளைகள் சொல்வதாகத்தான் பாட்டு வரும். அச்சகத்துக்காரருக்குக்கூட என்னைத் தெரியாது. எனக்கும் அது குறையாகப் படவில்லை, மருமகள் வரும் வரைக்கும்.

அவள் வந்த புதிதில் மகன் ஒருநாள் சொன்னான்: "அம்மாவும் கவிஞர்தான், செத்தவங்களுக்கு மட்டும் எழுதுவாங்க." இரண்டு பேரும் சிரித்தார்கள். "அப்படியா மாமி?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் அவள் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டாள். இன்னொரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் மகள், நினைவுக் காட்ல போடுற பாட்டுக்கு எந்த நம்பர்?"

"அது புத்தகம் இல்லையே மாமி. அதுக்கெல்லாம் நம்பர் வராது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் நல்ல பிள்ளை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சனி ஞாயிறில் கூட்ஸ் ஷெட் நிலையத்தில் பஸ் பிடித்து வகுப்புக்குப் போவாள், மற்ற நாளில் கந்தோரில் எழுத்து வேலை. அதற்கு நடுவில் போனில் கவிதை போடுவாள். முகம் தெரியாத ஆட்கள் கொழும்பிலிருந்தும் கனடாவிலிருந்தும் பாராட்டுவார்கள். மகன் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுவான். நான் குழம்பில் உப்பு பார்ப்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டுக்காரி இறந்தாள். நான் மஹய்யாவைக்கு வந்த முதல் நாள் என் குடத்தைத் தன் குடத்துக்கு முன்னால் குழாயடியில் வைத்தவள். மாநகர சபையில் வீதி கூட்டுகிற வேலை பார்த்தாள். அவளோடு பேசும்போது மட்டும் எனக்குக் கூச்சம் இருக்காது. அவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே என் மனதுக்குள் அவளுக்கான நாலு வரி தொடங்கிவிட்டது. கேட்டு வருவார்கள், கொடுக்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவளுடைய புருஷன் வந்தார். நான் அடுப்படியில் பிளேன்டிக்குத் தேயிலைச் சாயம் ஊற்றிக்கொண்டிருந்தேன். முன் அறையில் அவர் பேசுவது கேட்டது.

"மகள், முப்பத்தோராம் நாளுக்குக் காட் அடிக்கணும். நீங்க நாலு வரி எழுதித் தாங்களேன். போன்ல நீங்க எழுதுறதை எல்லாம் என் பேத்தி காட்டுவா."

"மாமிகிட்ட கேக்கலையா மாமா? அவங்க ரெண்டு பேரும்தானே கூட்டாளி."

"ஐயோ, அக்காவுக்கு எதுக்கு இந்த வயசுல சிரமம்? நீங்க படிச்ச பிள்ளை."

அவர் தாய் இறந்தபோது என் கதவுத் திரைக்கு முன்னால் பென்சிலோடு நின்றவர் அவர். பிளேன்டியைக் கொண்டுபோய் வைத்தேன். சீனி போட மறந்துவிட்டேன். மறந்துதான் போனேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு என்னைப் பார்த்தார், பிறகு முழுவதையும் குடித்தார்.

"நான் எழுதுறேன்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அன்று மாலையே மருமகள் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் உட்கார்ந்தாள். நூலகத்துக்கு வருகிறவர்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது என்று அவள் வகுப்பில் ஒரு பாடமே உண்டு. மகன் "என் நீலச் சட்டை எங்க?" என்றால்கூட "எந்த நீலம், எங்க போறதுக்கு, எப்ப வேணும்?" என்று அந்தப் பாடத்தை அவனிடம் பழகிப் பார்ப்பாள். இப்போது என் முறை.

"மாமி, அவங்களைப் பத்தி சொல்லுங்க. அவங்களுக்கு என்ன பிடிக்காது?"

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் எல்லோரும் இறந்தவருக்கு என்ன பிடிக்கும் என்றல்லவா கேட்பார்கள்? இவள் பிடிக்காததைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பெரஹரா பிடிக்காது" என்றேன். கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள், ஊரே பாய் போட்டு உட்கார்ந்து பார்க்கிற யானை ஊர்வலத்தை ஒருநாளும் பார்க்கப் போனதில்லை. யானை எல்லாம் போன பிறகு விளக்குமாற்றோடு போவாள். "யானை எப்படி இருந்துச்சுன்னு எங்கிட்ட கேட்காத, அது தின்னது என்னன்னு கேளு, சொல்றேன்" என்பாள். இதைச் சொல்லி நானும் மருமகளும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு இன்னும் எவ்வளவோ சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து, காலையில் மகன் சப்பாத்து மாட்டிக்கொண்டிருக்கும்போது, அவள் எழுதியதை வாசித்தாள். அதில் இரண்டு வரி இது:

எல்லோரும் யானையைப் பார்த்த ஊரில்
நீ மட்டும் பாதையைப் பார்த்தாய்.

மகன் "சுப்பர்" என்றான். நான் கோடிப் பக்கம் போய், கழுவி வைத்திருந்த பானையை இன்னொரு முறை கழுவினேன். அது மோசமாக இருந்திருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. எதுகை இல்லை, ஒன்றுமில்லை, ஆனால் என் கூட்டாளி விளக்குமாற்றோடு அதற்குள் நின்றாள். நான் சிரிப்பதற்காக வைத்திருந்த கதை அது. பாட்டுக்கு உதவும் என்று அத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. மருமகளோ அவளோடு தண்ணீருக்கு நின்றதில்லை, சண்டை போட்டதில்லை. இரண்டு நாளில் எடுத்துக்கொண்டாள்.

அட்டை அச்சாகி வந்தது. கவிதைக்குக் கீழே மருமகளின் பெயர். அதற்கும் கீழே, பொடி எழுத்தில், "தகவல்" என்று போட்டு என் பெயர். யார் சொன்னது என்று குறிப்பிடாமல் எதையும் எழுதக்கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களாம். அவள் அதை மிக மரியாதையாக நினைத்துத்தான் செய்தாள். ஆனால் எங்கள் சனம் பத்திரிகையில் மரண அறிவித்தல் பார்த்துப் பழகியவர்கள். "தகவல்" என்ற இடத்தில் இறந்தவர் குடும்பத்தின் பெயர்தான் வரும். பூசை முடிந்து மாதா கோயில் வாசலுக்கு வந்ததும் ஒருத்தி பிடித்துக்கொண்டாள்.

"என்னக்கா, நீங்க எப்ப அந்த வீட்டுக்கு வாழப் போனீங்க? சொல்லவே இல்லையே!"

"மனுசன் இப்பதானே தனியாகிட்டாரு" என்றாள் இன்னொருத்தி. "சும்மா இருங்கடி, அக்கா முகம் சிவக்குது."

சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வேகமாக நடந்தேன். பெரிய எழுத்துப் பெயருக்குப் பாராட்டு, சின்ன எழுத்துப் பெயருக்குக் கேலி.

கல்லறைக்குப் போனோம். ஃபாதர் மந்திரித்து முடித்தார். ஆட்கள் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கலைந்தார்கள். எல்லோரும் போகட்டும் என்று நான் செருப்பு வாரைச் சரிசெய்கிறவள் போலக் குனிந்து நின்றேன். பிறகு என் கூட்டாளியின் மண்ணுக்குப் பக்கத்தில் போய், புதைத்த நாளிலிருந்து கட்டிக்கொண்டிருந்த நாலு வரியையும் வாய்விட்டுச் சொன்னேன். கதவுத் திரை இல்லாமல், என் சொந்தக் குரலில். கடைசிச் சொல் மட்டும் அதுவரை சரியாக வராமல் இருந்தது. சொல்லும்போது அதுவும் வந்து உட்கார்ந்தது.

"மாமி."

மீதி மெழுகுவர்த்திப் பெட்டியோடு மருமகள் பின்னால் நின்றாள்.

"இது நீங்க கட்டினதா?"

நான் சாய்ந்திருந்த ஒரு மெழுகுவர்த்தியை நிமிர்த்தி வைத்தேன்.

"இன்னொருக்கா சொல்லுங்க மாமி. போன்ல எடுத்துக்கிறேன்."

"இல்ல."

"எங்கயும் போட மாட்டேன். எனக்காக."

"மாட்டேன் மகள். அவகிட்ட சொல்லியாச்சு."

"அந்த மூணாவது வரி மட்டும். அது எப்படி வந்துச்சு உங்களுக்கு?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பெட்டியை இறுக்கிப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது. கேட்டதை மறப்பதற்குள் பிடித்துவிடப் பார்த்தாள், பிடிபடவில்லை. அவள் கண்ணில் இருந்தது, கொப்பி ஓரத்தில் வரி விழும்போதெல்லாம் என் வயிற்றில் எரிந்ததுதான், அதனால் உடனே அடையாளம் தெரிந்தது.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

இறக்கத்தில் அவள் என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சாப்பாட்டு வீட்டில் அன்றைக்கு நான் கூச்சப்படாமல் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.